நரி வேட்டைக்கு முதற்பாடம்

திருப்பூரிலிருந்து அவினாசி செல்லும் வழியில் உள்ள திருமுருகன்பூண்டிக்கு வேட்டையோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடும் பொருளோடும் சுந்தரர் இவ்வழியே வந்தபோது, வேடர் உருவில் வந்த பூதகணங்கள் அவற்றைப் பறித்துக் கொண்டன என்பது இவ்வூர்க் கோயிலின் கதை. ஒரு காலத்தில் இது வேடர்கள் உலவிய காட்டு வழி என்று அதிலிருந்து ஊகிக்கலாம். இன்று அதே சாலையில் பனியன் கம்பெனிகளும் சிற்பக் கூடங்களுமே கண்ணில் படுகின்றன.

அந்த வேடர்களுள் ஒருவர் தம் மகனுக்கு முதல் நாள் எதைக் கற்றுக் கொடுத்திருப்பார்? அம்பு எய்வதையா? இருக்காது. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, மண்ணில் பதிந்திருப்பது எந்த விலங்கின் கால், இருளில் கேட்கும் குரல் எவ்வளவு தொலைவில் எழுகிறது என்பவற்றைத்தான் கற்றுக் கொடுத்திருப்பார். அமெரிக்காவில் கொயோட்டி என்னும் விலங்கை வேட்டையாடக் கிளம்பும் புதியவர்களுக்கும் இவைதாம் முதற்பாடங்கள். கொயோட்டி நம் ஊர் நரிக்கு நெருங்கிய உறவு. இரண்டும் நாயும் ஓநாயும் சேர்ந்துள்ள கேனிஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இந்த முதற்பாடங்களை நாமும் கற்போம். ஆனால் துப்பாக்கியும் வலையும் வேண்டா.

ஏன் வேண்டா? முதற்காரணம் சட்டம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நரியை வேட்டையாடுவது குற்றம். இதில் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. கொல்வது மட்டுமே வேட்டை என்று சட்டம் சொல்லவில்லை. பிடிப்பதும், கண்ணி வைப்பதும், இரை வைத்து இழுப்பதும், அவற்றுக்கு முயல்வதும்கூட வேட்டையே! சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் சில கிராமங்களில் பொங்கலையொட்டி ‘வங்கா நரி ஜல்லிக்கட்டு’ என்றொரு வழக்கம் இருந்து வந்திருக்கிறது. நரியை வலைவைத்துப் பிடித்து, வாயைக் கட்டி, ஊராருக்குக் காட்டிவிட்டு மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். ‘நரி முகத்தில் விழித்தால் நல்லது’ என்ற நம்பிக்கைதான் காரணம். “கொல்லவில்லையே, விட்டுவிட்டோமே!” என்று அவர்கள் வாதாடலாம். வனத்துறை அதை ஏற்பதில்லை, அபராதம் விதித்திருக்கிறது. உயிருக்கு அஞ்சி நடுங்கும் ஒரு விலங்கின் முகத்தில் விழித்தால் என்ன நன்மை வரும் என்று எனக்கும் புரியவில்லை.

நரிக்கொம்பின் கதை இதைவிட மோசம். வீட்டில் வைத்தால் செல்வம் சேரும் என்று சொல்லி, மயிர் ஒட்டிய கூரான சிறு துண்டு ஒன்றை விற்பார்கள். நாய்க் குடும்பத்தில் கொம்புள்ள விலங்கு ஒன்றுகூட இல்லை என்பதை உங்கள் விலங்கியல் பாடத்தைப் படித்த எவரும் சொல்லிவிடலாம். இல்லாத கொம்புக்காக இருக்கும் நரிகள் சாகின்றன.

இரண்டாவது காரணம் அறிவியல் சார்ந்தது. அமெரிக்காவில் கொயோட்டி ஆட்டுக்குட்டிகளைத் தின்கிறது என்பதற்காக நூறாண்டுகளுக்கும் மேலாக அதைச் சுட்டும், பொறி வைத்தும், நஞ்சிட்டும் கொன்று வருகிறார்கள். 2011 முதல் 2020 வரை அந்நாட்டு அரசின் வனவிலங்குச் சேவைப் பிரிவு மட்டுமே ஆண்டுதோறும் 60,000க்கு மேல் கொன்றது. தனியார் கொன்றவை இதில் சேரா. பலன்? முன்பு மேற்குப் புல்வெளிகளில் மட்டும் வாழ்ந்த கொயோட்டி இன்று ஹவாய் தவிர அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. அதை அடக்கி வைத்திருந்த ஓநாய்களை மனிதர்களே ஒழித்துவிட்டது ஒரு காரணம். இன்னொன்று வியப்பானது. கொயோட்டிக் குடும்பத்தில் வழக்கமாக மூத்த இணை மட்டுமே குட்டி போடும். அந்த இணையைச் சுட்டுவிட்டால் குடும்பம் சிதறி, அதுவரை அடங்கியிருந்த இளம் பெண் விலங்குகளும் குட்டி போடத் தொடங்குகின்றன. வாய்கள் குறைந்துவிட்டதால் இரையும் தாராளமாகக் கிடைக்கிறது. பிறந்த குட்டிகளில் அதிகமானவை பிழைத்துவிடுகின்றன.

ஆனால் நம் நரிக்கும் இப்படியே நடக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஐரோப்பாவில் நம் நரியின் இனமே வடக்கு நோக்கிப் பரவி, 2015இல் டென்மார்க் வரை சென்றுவிட்டது. அங்கே அதற்குப் புதிய இடங்கள் கிடைத்தன. இங்கே புதரும் பள்ளமும் மனையாகிவிட்டால் அது எங்கே போகும்? தெருநாய்கள் அதைத் துரத்துகின்றன, வெறிநோயையும் டிஸ்டெம்பர் நோயையும் அதற்குத் தொற்ற வைக்கின்றன. உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்: “சிறுவயதில் நரி ஊளை கேட்டதுண்டா? எந்தப் பக்கம்? கடைசியாக எப்போது?” அவர்கள் சொல்வதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். உங்கள் வேட்டைக் குறிப்பேட்டின் முதற்பக்கம் அதுவாக இருக்கட்டும்.

இனி விலங்கை அறிவோம். பெயரிலேயே குழப்பம் இருக்கிறது. நரி, குள்ளநரி, வங்கா நரி என்ற பெயர்களை ஊருக்கு ஊர் மாற்றி வழங்குகிறார்கள். நம் சமவெளியில் இருப்பவை இரண்டு. ஒன்று பொன்னிற நரி, 7 முதல் 11 கிலோ எடை இருக்கும், கால்கள் உயரமானவை. மற்றது அதைவிட மிகச் சிறியது. 2, 3 கிலோதான் தேறும். காதுகள் பெரியவை, வால் புசுபுசுவென்று நுனி கறுத்திருக்கும். நாம் இங்கே பேசுவது பெரியதைப் பற்றி. ஆணும் பெண்ணும் இணை பிரியாமல் வாழும். சூலுற்ற அறுபத்து மூன்று நாட்களில், நாயைப் போலவே, குட்டி போடும்.

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? கிளுவை முள்வேலி சூழ, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களுமாக இருக்கும் மேய்ச்சல் நிலங்கள் அவை. எலியும் பூச்சியும் விழுந்த பழங்களும் கிடைக்கும் இத்தகைய திறந்தவெளிகள் நரிக்கு ஏற்றவை.

முதற்பாடம், காற்று. நரி உங்களைக் காண்பதற்கு முன் மோப்பம் பிடித்துவிடும். நம் உடலிலிருந்து வரும் வாசனை மூலக்கூறுகளைக் காற்று ஏந்திச் செல்கிறது. ஆகவே காற்று உங்கள் முகத்தில் படும்படி அமர வேண்டும். காற்றின் போக்கை அறிய உங்கள் ஊரில் கருவிக்கா பஞ்சம்? பனியன் கம்பெனியில் பறக்கும் பஞ்சுத் துணுக்கில் ஒரு சிட்டிகை எடுத்து விரல் நுனியிலிருந்து விடுங்கள். தரையருகே ஒரு திசையிலும் தலைக்கு மேல் இன்னொரு திசையிலும் அது மிதப்பதைச் சில வேளை காண்பீர்கள்.

இரண்டாவது, குரல். நரிக்குறவர்கள் நரியைப் போலவே ஊளையிட்டு அதை அருகே வரவழைப்பதில் வல்லவர்களாக இருந்தார்கள். நாம் கூப்பிட வேண்டாம், கேட்டாலே போதும். அந்தி சாய்ந்ததும், விடியலுக்கு முன்பும் நரிகள் சேர்ந்து ஊளையிடும். பத்து நரிகள் என்று நினைப்பீர்கள்; இரண்டு மூன்றுதான் இருக்கும். ஒவ்வொன்றும் சுருதியை விரைவாக ஏற்றி இறக்குவதால் காது ஏமாறுகிறது.

அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டு மொட்டை மாடியிலிருந்தே கணக்கிடலாம்! இதற்கு இருவர் வேண்டும். நீங்களும் உங்கள் நண்பரும் கிழக்கு மேற்காக 400 மீட்டர் தள்ளி வசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊளை கேட்டவுடன் இருவரும் திசைகாட்டியில் குரல் வரும் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் உள்ள திசைகாட்டியும் போதும். மேற்கே இருக்கும் உங்களுக்குச் சரியாக வடகிழக்கிலிருந்தும், கிழக்கே இருக்கும் நண்பருக்கு நேர் வடக்கிலிருந்தும் கேட்டால், இரு கோடுகளும் சந்திக்கும் இடம் நண்பர் வீட்டுக்கு வடக்கே 400 மீட்டரில் இருக்கும். உங்களிடம் உள்ள கோணம் 45 பாகை. டான் 45 என்பது ஒன்று அல்லவா? நேரத்தை நிமிடம் பிசகாமல் குறியுங்கள். இல்லையேல் இருவரும் வெவ்வேறு நரிகளைக் குறித்துவிடுவீர்கள். காது சொல்லும் திசையில் பத்துப் பாகை பிழை எளிதாக வரும். ஆகவே ஒரே இரவை நம்பாமல் பத்து இரவுகளின் கோடுகளை ஊர் வரைபடத்தில் வரையுங்கள். கோடுகள் எங்கே நெருக்கமாக வெட்டிக்கொள்கின்றனவோ, அந்தப் பள்ளத்தையோ புதர்க்காட்டையோ பகலில் பெரியவர் ஒருவரோடு போய்ப் பாருங்கள். நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டே நுழைய வேண்டும்.

அங்கே முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் எச்சமாகத்தான் இருக்கும். முகம் சுளிக்காதீர்கள், அது ஒரு விருந்துப் பட்டியல். கையால் தொடாமல் குச்சியால் பிரித்துப் பாருங்கள். எலி மயிர், வண்டின் ஓடு, நண்டு ஓட்டின் சில்லு, இலந்தைக் கொட்டை எல்லாம் இருக்கலாம். கோழியையும் ஆட்டுக்குட்டியையும் நரி தூக்குவதுண்டு; நிலக்கடலையைத் தோண்டுவதும் உண்டு; விவசாயியின் கோபம் பொய்யானதன்று. ஆனால் அவருடைய தானியத்தைத் தின்னும் எலிகளையும் அது தின்கிறது. உங்கள் ஊர் நரி எதை அதிகம் தின்கிறது என்பதை வாதத்தால் அறிய முடியாது, எச்சத்தை எண்ணித்தான் அறிய முடியும்.

ஓர் எச்சரிக்கை. பகலில் தள்ளாடித் திரியும் நரியையோ, மனிதரைக் கண்டு ஓடாத நரியையோ நெருங்கவே கூடாது, வெறிநோயாக இருக்கலாம். நாயோ நரியோ கடித்துவிட்டால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனை சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மந்திரித்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள், நோய் வெளிப்பட்டபின் பிழைப்பது அரிதிலும் அரிது.

கடைசியாகக் காலடி. தெருநாய்கள் நிறைந்த ஊரில் நரியின் தடத்தை எப்படிப் பிரித்தறிவது? பூனையின் தடத்தில் நகம் பதியாது. நாய்க்கும் நரிக்கும் பதியும். நாயின் தடம் அகலமாகப் பரந்திருக்கும். நரியின் தடம் ஒடுங்கி நீண்டிருக்கும். நாய் அங்குமிங்கும் அலைந்து நடக்கும். நரியோ பின்காலை முன்கால் தடத்திலேயே வைத்து, நூல் பிடித்தாற்போல் போகும். இவற்றாலும் ஐயம் தீராவிட்டால் முன்காலின் நடுவிரல் மெத்தைகள் இரண்டையும் உற்றுப் பாருங்கள். நரிக்கு அவை அடிப்புறத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். நாய்க்குத் தனித்தனியாக இருக்கும். ஈரமண்ணில் பதிந்த நல்ல தடத்தில் இது தெளிவாகத் தெரியும்.

அத்தகைய தடம் கிடைத்துவிட்டால் அதை வீட்டுக்கே கொண்டுவரலாம். அட்டைப் பெட்டியிலிருந்து நான்கு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, வளையமாக்கித் தடத்தைச் சுற்றி மண்ணில் அழுத்துங்கள். ஒரு பங்கு நீரில் இரண்டு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தூவிக் கலக்கி, தடத்தின் மேல் நேராகக் கொட்டாமல் ஓரத்திலிருந்து வழியவிடுங்கள். சிறிது நேரத்தில் தொட்டுப் பார்த்தால் சுடும்! நீரை இழந்திருந்த கால்சியம் சல்ஃபேட் மறுபடி நீரை ஏற்று ஜிப்சமாக மாறும்போது வெளியாகும் வெப்பம் அது. அரைமணி நேரம் பொறுத்து எடுங்கள். ஆனால் அதற்கு முன்பே, மேற்பரப்பு இறுகிக்கொண்டிருக்கும்போது, ஓர் ஆணியால் நாளையும் இடத்தையும் அதில் கீறிவிடுங்கள். இறுகிய பிறகு எழுத வராது.