ஆழம் குறைந்த ஏரிக்கு ஏற்ற படகு எது?

ஓமலூர் வட்டாரத்து ஏரிகள் தொடர்ந்து சில ஆண்டுகள் வறண்டு கிடப்பதும், நீர் வந்த ஆண்டில் மீன் வளர்ப்பதும் புதிதல்ல. மேட்டூர் அணையின் உபரி நீரைக் கொண்டு சேலம் மாவட்டத்தில் 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் திட்டத்தின் முதல் கட்டம் 2021-ல் தொடங்கப்பட்டது. ஏரியில் நீர் நின்றால் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு வளர்க்கலாம். தீவனம் இடவும், வலை விரிக்கவும், ஆகாயத்தாமரையை அகற்றவும் அப்போது ஒரு படகு தேவைப்படும்.

சேற்றிலும் ஓடக்கூடிய நீளத்தண்டு இன்ஜின்களைப் பற்றிக் கேள்விப்பட்டு அவற்றை வாங்க நினைக்கும் விவசாயிகள் முதலில் கவனிக்க வேண்டியது படகின் அடிப்பகுதியைத்தான். இன்ஜினை வாங்கிய பின் அதற்குப் படகு தேடுவது பணத்தைச் சேற்றில் போடுவதற்குச் சமம்.

பரிசலின் சிறப்பு

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீனவர்கள் இன்றும் பயன்படுத்துவது பரிசலே. மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோல் பின்னி, முன்பு மாட்டுத்தோலையும் பின்னர் தார் பூசிய சாக்கையும் பிளாஸ்டிக் விரிப்பையும் போர்த்திச் செய்யப்பட்டது இது. இப்போது பைபர் பரிசலும் வந்துவிட்டது. அடி அகன்று தட்டையாக இருப்பதால் எடை பரந்து விழுகிறது. ஆகவே இது நீரில் அதிகம் அமிழ்வதில்லை. இரண்டு ஆட்களும் வலையும் இருந்தாலும் ஒரு சாண் நீரிலேயே மிதந்துவிடும். ஒருவரே தலையில் கவிழ்த்துத் தூக்கிச் செல்லலாம் என்பது இன்னொரு வசதி.

ஆனால் பரிசலுக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. துடுப்பை முன்னால் போட்டு இழுக்கும்போது அது பின்தொடர்ந்து வரும். விளிம்பில் இன்ஜினை மாட்டிப் பின்னிருந்து தள்ளினாலோ, நேராகச் செல்லாமல் பம்பரமாகச் சுழலும். இன்ஜினின் எடையால் அந்தப் பக்கம் தாழ்ந்து நீர் ஏறும் ஆபத்தும் உண்டு. எனவே பரிசலில் மோட்டார் பொருத்துவது கூடவே கூடாது.

ஓர் எளிய கணக்கு

படகின் அடித்தளத்தில் ஒரு சதுர அடியை நீரில் ஓர் அங்குலம் அமிழ்த்த ஏறக்குறைய 2.4 கிலோ எடை வேண்டும். 12 அடி நீளம், 4 அடி அகலம் உள்ள தட்டையடிப் படகில் முன்பக்கச் சரிவைக் கழித்தால் பயன்படும் பரப்பு சுமார் 40 சதுர அடி. அதாவது ஒவ்வொரு 96 கிலோவுக்கும் படகு ஓர் அங்குலம் இறங்கும். படகு 90 கிலோ, இன்ஜின் 40, ஆட்கள் இருவர் 130, வலையும் மீனும் 100 என்று வைத்தால் மொத்தம் 360 கிலோ. படகு நான்கு அங்குலம்கூட அமிழாது.

அதே நீள அகலத்தில் அடிப்பாகம் கூராக, கலப்பைக் கொழுபோல் இறங்கும் படகாக இருந்தால், இதே எடைக்கு இருமடங்கு ஆழம் வேண்டும். கடலில் அலையை வெட்டிச் செல்ல அந்தக் கூர்மை உதவும். இடுப்பளவு நீரும் முழங்கால் சேறும் உள்ள ஏரியில் அது தரையைக் கிழித்துக்கொண்டு நின்றுவிடும். கடற்கரையில் மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய பைபர் படகை லாரியில் ஏற்றி வருமுன் இதை எண்ணிப் பார்ப்பது நலம்.

இன்ஜின் எப்படி வேலை செய்கிறது?

படகின் பின்னால் தொங்கும் சாதாரண மோட்டாரின் அடிப்பாகம் படகின் அடியைவிட ஏறக்குறைய ஓர் அடி கீழே நிற்கும். குளிர்விக்கும் நீரையும் அது ஏரியிலிருந்தே உறிஞ்சும். சேறு கலந்த நீர் போனால் பம்பு கெட்டு இன்ஜின் சூடேறிவிடும். நீளத்தண்டு இன்ஜினோ காற்றால் குளிர்வது. பல அடி நீளமுள்ள தண்டு சாய்வாகப் பின்னோக்கிச் செல்ல, அதன் நுனியிலுள்ள சுழல்விசிறி நீர்மட்டத்தை ஒட்டியே சுழலும். தரை தட்டினால் கைப்பிடியை அழுத்தி விசிறியை மேலே தூக்கிக்கொள்ளலாம்.

தாய்லாந்து, வியட்நாம் விவசாயிகளுக்கு இது பழகிய பொருள். மீகாங் ஆற்றின் கழிமுகத்தில் 1960-களிலேயே சிறு இன்ஜின் ஒன்றைப் படகுக்கும், அதையே வயலுக்கு நீர் இறைக்கவும் பயன்படுத்தினர். நம் விவசாயிகளுக்கும் இந்த யோசனை பிடிக்கும். ஆனால் கிணற்றடியில் உள்ள பழைய டீசல் இன்ஜினைப் படகில் ஏற்ற நினைக்க வேண்டாம். அது 100 கிலோவுக்கு மேல் இருக்கும். களையெடுக்கும் கருவியில் உள்ளது போன்ற 5 அல்லது 6 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜினே ஏற்றது.

பின்பக்கம் அகலமாக இருக்கட்டும்

இன்ஜின், அதை ஓட்டுபவர், பெட்ரோல் கேன் மூன்றும் பின்னாலேயே சேர்வதால் படகின் பின்பக்கம் குறுகியிருந்தால் அது மட்டும் தாழ்ந்து சேற்றில் அமரும். ஆகவே பின்பக்கம் நடுப்பகுதிக்கு ஏறக்குறையச் சமமான அகலத்தில், சதுரமாக வெட்டியதுபோல் இருக்க வேண்டும். தண்டைத் திருப்பும்போது முழு விசையும் பின்பலகையில் விழுவதால், அந்தப் பலகையை உட்புறம் இரும்புக் கோணத்தால் இறுக்குவது அவசியம். அடிநடுவே ஓடும் ஏரா எனப்படும் கட்டை இருந்தால், அதன் பின்னால் நீர் கலங்கி விசிறிக்குப் பிடிப்புக் கிடைக்காது. அடிப்பாகம் வழவழப்பாகவும், முன்பக்கம் மட்டும் சற்று மேல்நோக்கி வளைந்தும் இருப்பின் சேற்றின்மேல் வழுக்கிச் செல்லும்.

எதனால் செய்தது என்பதற்கு இந்த வட்டாரத்தில் தனிக் காரணம் ஒன்று உண்டு. வறண்ட ஆண்டுகளில் ஏரிக்குள் சீமைக் கருவேல மரம் மண்டிவிடுகிறது. வெட்டினாலும் அடிக்கட்டைகள் நின்றுவிடும். நீர் வந்தபின் அவை கண்ணுக்குத் தெரியா. பைபர் அடி அவற்றில் மோதினால் விரிசல் காணும். அலுமினியத் தகடு பெரும்பாலும் நெளிவதோடு போகும். விலை கூடினாலும் மோட்டாருக்கு அலுமினியமே நல்லது. எதுவானாலும் ஏரி வறண்டிருக்கும்போதே கட்டைகளை வேரோடு தோண்டிவிட்டால் படகும் தப்பும், வலையும் கிழியாது. மேட்டூரிலும் இதே கதைதான். நீர்மட்டம் நன்கு இறங்கும்போது பண்ணவாடியில் நந்தி சிலை வெளியே தெரிவதை அறியாதவர் இல்லை. அது மூழ்கியிருக்கும் நாளிலும் அங்கேயேதான் இருக்கிறது.

பத்து இருபது ஏக்கர் ஏரிக்கு மோட்டாரே வேண்டியதில்லை. பரிசலும் துடுப்பும் போதும். விசிறி அடிச்சேற்றைக் கலக்கினால் சிறு குஞ்சுகளுக்குக் கேடு. நீர்ப்பரப்பு விரிந்து, தினமும் தீவனமோ மீனோ தொலைவு கொண்டுசெல்ல வேண்டிய இடத்தில்தான் மோட்டார் தன் செலவை ஈட்டும். அங்கும் ஏரிக்கு உரிய அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும். குடிநீருக்குப் பயன்படும் ஏரியில் எண்ணெய் சிந்தக்கூடிய எதையும் இறக்கக் கூடாது.

நீளத்தண்டின் விசிறிக்கு மறைப்புக் கிடையாது. வலை இழுப்போர் நீரில் நிற்கையில் இன்ஜினை முற்றிலும் அணைத்துவிட வேண்டும். உயிர்காக்கும் மேலங்கி ஆளுக்கொன்று படகில் இருக்க வேண்டும். நீந்தத் தெரிந்தவருக்கும் சேற்றில் கால் புதைந்தால் நீச்சல் உதவாது.

படகு வாங்குமுன் விற்பவரிடம் சொல்லி அதை நீரில் இறக்கச் செய்து, இன்ஜின் எடைக்கு ஒரு மணல் மூட்டையைப் பின்பலகை ஓரத்திலும், மற்ற சுமைக்கு ஈடான மூட்டைகளை நடுவிலும் வைத்து, இருவர் ஏறி நின்று பார்க்க வேண்டும். பின்பக்க விளிம்பு நீருக்குமேல் ஓர் அடியாவது நிற்காவிட்டால் அந்தப் படகு வேண்டாம்.