நூலும் படமும் பிறர் சமயமும்

மாணாக்கனுடைய ஒரு நாளில் படிக்கும் நேரத்தினும் எண்ணமிடும் நேரமே பெரிது என்பதை ஆசிரியர்கள் அறியாதவர்களல்லர். கையில் விரித்திருப்பது பாடப்புத்தகம். மனத்தில் ஓடுவதோ முன்னாள் மாலை கண்ட படக்காட்சி. இவ்விரண்டிற்கும் இடையே பக்கத்து அறையில் தொழுகைக்கு எழுகின்ற தோழன் ஒருவன், ஆலயமணி கேட்டுப் புறப்படுகின்ற தோழன் ஒருவன், நெற்றியில் நீறு துலங்க வந்து நிற்கின்ற தோழன் ஒருவன். நூல் பரீட்சைக்கு என்றும், படம் பொழுதுபோக்கிற்கு என்றும், பிறர் சமயம் பேசாது விட்டுவிடுதற்கு என்றும் நாம் வகுத்துக்கொண்டு நாட்களைக் கழிக்கின்றோம். இம்மூன்றனையும் ஒருங்கே வைத்து எண்ணிப் பார்க்குமாறு நம்மைத் தூண்டிய இடம், திண்டுக்கல்லினின்றும் மதுரைக்குச் செல்லும் பெருவழியில், சின்னாளபட்டிக்கு அணித்தாக, சிறுமலையை நோக்கி அமைந்துள்ள காந்திகிராமம்.

1947-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 7-ஆம் நாள் டாக்டர் டி. எஸ். சௌந்தரம் அம்மையாரும் அவர்தம் கணவர் ஜி. ராமச்சந்திரன் அவர்களும் இந்நிலையத்தைத் தோற்றுவித்தனர் என்பதும், 1956-இல் இங்கே கிராமியக் கல்வி நிலையம் தொடங்கப்பெற்று 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது என்பதும் இவ்வட்டாரத்தார் நன்கறிந்தவை. ஆயின் நிறுவியவருள் ஒருவராகிய ராமச்சந்திரன் அவர்கள், தாம் மாணாக்கராயிருந்த காலத்தில், நம்மைப் போலவே கலையைப் பற்றிய ஐயங்களைச் சுமந்து திரிந்தவர் என்பதனை நம்மிற் பலர் அறியோம்.

அவர் அப்பொழுது சாந்திநிகேதனத்தில் பயின்றுகொண்டிருந்தார். 1924-ஆம் ஆண்டு அது. வடநாட்டில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலகங்கள் மூண்டிருந்தன. செப்டம்பர் மாதத்தில் கோஹாட் நகரில் நிகழ்ந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. அம்மாதம் 17-ஆம் நாள் காந்தியடிகள் டில்லியில் மௌலானா முகம்மது அலி அவர்களின் இல்லத்தில் 21 நாள் உண்ணாநோன்பைத் தொடங்கினார். நோன்பு முடிந்து அவர் உடல் தேறிவந்த நாட்களிலே, அருகிருந்து பணி செய்த ஆண்ட்ரூஸ் பாதிரியார் இளைஞர் ராமச்சந்திரனை அவரிடம் அறிமுகப்படுத்தினார். இளைஞர் கேட்டவை கலை, இயந்திரம், விவாகம் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகள். மகாதேவ தேசாய் அவ்வுரையாடலைக் குறித்து வைத்து, அவ்வாண்டு நவம்பரில் ‘யங் இந்தியா’வில் வெளியிட்டார்.

இரத்தம் சிந்திய நாட்டின் நடுவே, நோன்பினால் மெலிந்து கிடப்பவரிடம் சென்று அழகைப் பற்றிக் கேட்பதா எனச் சிலர் நகைக்கக்கூடும். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அவ்விளைஞர் கேட்டதன் சாரம் இது: கலைஞர் அழகின் வழியே உண்மையைக் காண்பதில்லையா? அடிகள் அதனைத் திருப்பிப் போட்டார். உண்மையை முதலில் நாடுக, அழகு தானே பின்வரும் என்பது அவர் கருத்து. முகப்பொலிவு சிறிதும் இல்லாத சாக்ரடீஸைத் தமக்கு அழகராகக் காட்டியது அவருடைய வாய்மையே என்றார். தம் அறையின் சுவர்கள் வெறுமையாக இருப்பினும், கூரையே இல்லாதொழியினும், விண்மீன்கள் நிறைந்த வானம் தமக்குப் போதும் என்றார். வெளித்தோற்றம் உள்ளத்தை எழுப்புகின்றதா என்பதே அவர் கைக்கொண்ட அளவுகோல். அந்த அளவுகோலைக் கையிலேந்தியே நாம் நூலையும் படத்தையும் பார்க்கப் புகுகின்றோம்.

முதலில் நூல். காந்தியடிகள் தாமே மாணாக்கராக லண்டனில் வாழ்ந்த 1888 முதல் 1891 வரையுள்ள காலத்தைத் தம் சுயசரிதையில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கின்றார். பிரம்மஞான சங்கத்தைச் சார்ந்த ஆங்கிலச் சகோதரர் இருவர் கீதையைத் தம்முடன் இருந்து படிக்க வேண்டுமென அவரை அழைத்தனர். அவரோ அதனை வடமொழியிலும் படித்தவரல்லர், தம் தாய்மொழியாகிய குஜராத்தியிலும் படித்தவரல்லர். நாணத்தோடு அதனை ஒப்புக்கொண்டு, எட்வின் ஆர்னால்டு செய்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாகவே தம் சமயநூலை முதன்முதலாக ஓதினார். அதன்பின் அவ்வாசிரியரே புத்தர் பெருமானைப் பற்றி எழுதிய காவியம். அதன்பின் ஓர் அன்பர் வற்புறுத்தித் தந்த விவிலிய நூல். பழைய ஏற்பாட்டின் பல பகுதிகள் தமக்கு உறக்கத்தையே தந்தன என்று கூசாது எழுதியவர், மலைப்பிரசங்கம் நேரே தம் நெஞ்சிற் சென்று தைத்தது என்பதையும் அதே மூச்சில் எழுதுகின்றார். நபிகள் நாயகத்தைக் குறித்துக் கார்லைல் எழுதிய அத்தியாயத்தையும் அக்காலத்திலேயே கற்றார். பிறகு பரீட்சை வந்து குறுக்கிட்டது. மேலும் படிக்க இயலவில்லை! இவ்வோர் இடத்திலேனும் அவர் நம்மினத்தவர் என்று நாம் மகிழ்ந்துகொள்ளலாம்.

அச்சரிதையிலேயே மற்றோர் இடமும் உண்டு. மிஷன் கலாசாலையொன்றின் ஆண்டு மலரில் அதனை மறையாது குறிப்பது தகும். ராஜ்கோட்டில் பள்ளிப் பிள்ளையாயிருந்த நாளில், நோயுற்ற தந்தையாரிடம் வந்து பேசிய சைன முனிவர், முஸ்லிம் நண்பர், பார்சி நண்பர் ஆகியோரின் பேச்சைக் கேட்டு எல்லாச் சமயத்தாரிடமும் அவருக்கு மதிப்பு உண்டாயிற்று. கிறிஸ்துவ சமயம் ஒன்றே விலக்கு. பள்ளிக்கு அருகே தெருமுனையில் நின்ற போதகர் இந்துக்களின் தெய்வங்களை இழித்துரைத்ததே அதற்குக் காரணம். தெருமுனைப் பேச்சினால் மூடிய கதவைப் பின்னாளில் ஒரு புத்தகம் திறந்தது என்பதை நாம் உற்றுநோக்க வேண்டும். பேசுகிறவன் நம்மை வெல்ல வருகின்றான். நூலோ நாம் திறக்கும்வரை காத்திருக்கின்றது.

இனி, ‘சமயப் பொறை’ என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பொறுத்தல் என்பது சுமையைத் தாங்குதல். சகித்தல் என்பது வெயிலையும் நோயையும் தாங்குதல். தோழனுடைய வழிபாட்டை நாம் வெயிலைப் போலவா தாங்குவது? இவ்வையம் காந்தியடிகளுக்கும் இருந்தது. 1930-இல் எரவாடாச் சிறையினின்று ஆசிரமத்தார்க்கு வாரந்தோறும் விரதங்களைப் பற்றி எழுதிய கடிதங்களில், இச்சொல் தமக்கு உவப்பானதன்று என்று அவர் விளக்கியுள்ளார். பிறர் சமயம் நம்முடையதினும் தாழ்ந்தது, ஆயினும் போகட்டும் என்று விட்டுக்கொடுக்கும் மனப்பான்மை அதனுள் ஒளிந்திருக்கின்றது என்பது அவர் கண்ட குறை. எல்லாச் சமயங்களையும் சமமாக மதித்தலையே அவர் வேண்டினார். நம் தமிழில் இதற்கு இணையான சொல் முன்னரே வழங்கிற்று. மாயூரத்தில் முன்சீபாக விளங்கிய கத்தோலிக்கக் கிறிஸ்துவர் வேதநாயகம் பிள்ளை தம் பாடல் நூலுக்குச் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ என்று பெயரிட்டார். அவரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்தூர்க் கோவை பாடியவர், திருவாவடுதுறை ஆதீனத்தின் பெரும்புலவரும் சிறந்த சைவருமாகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

அம்மகாவித்துவானின் மாணாக்கர் ஒருவருடைய செய்தியே நம் பொருளுக்கு மிகச் சிறந்த சான்றாகும். 1880-இல் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் கோவைகளையும் புராணங்களையும் அவர் அடுக்கிச் சொல்லியும் முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டோ என்று வினவி, ஏட்டுப்பிரதியின் வழியே அதனைக் கற்கச் செய்தார். கற்கத் தொடங்கிய பின்னர்தான் அது சைன காவியம் என்பதும், சைன சமயக் கொள்கைகளை அறியாமல் அதன் பொருள் விளங்காது என்பதும் ஐயருக்குத் தெரியலாயின.

இவ்விடத்தில் ஒரு பழைய பகையையும் நினைவுகூர வேண்டும். சோழ மன்னன் சிந்தாமணியிலே மனம் தோய்ந்திருப்பதைக் கண்டு, அவனை அதனின்றும் மீட்பதற்காகவே சேக்கிழார் பெரியபுராணத்தைப் பாடினார் என்பது சைவருலகில் வழங்கிவரும் வரலாறு. அம்மரபிலே வளர்ந்து, சைவ மடத்தின் சோற்றையுண்டு கற்றவர், அந்நூலையே தேடிப் படிக்க முற்படுகின்றார்! கும்பகோணத்திற் சைனர் வாழும் தெருவிற்கு அவர் சென்றார். முதன்முறை சென்றபோது வீட்டு வாயிலில் தோரணம் கட்டியிருந்தது. சிந்தாமணியைப் பாராயணமாகப் படித்துவந்து நிறைவு செய்த நாள் அது என்று அறிந்தபொழுது அவருக்கு உண்டான வியப்பைச் சொல்ல வேண்டுவதில்லை. ஏட்டுச்சுவடியில் தாம் தனியே போராடிக்கொண்டிருந்த நூல், சில தெருக்களுக்கு அப்பால் ஒரு குடும்பத்தாருடைய வழிபாட்டு நூலாக உயிரோடிருந்தது! அவர்களிடம் ஐயம் கேட்டுக் கேட்டு ஏழாண்டு உழைத்து 1887-இல் சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். 1898-இல் மணிமேகலை வெளிவந்தபொழுது பௌத்த சமயத்தையும் அவ்வாறே கற்றிருந்தார். இவற்றால் அவர் சைனராகவுமில்லை, பௌத்தராகவுமில்லை. தம் நெற்றி நீற்றை அழித்துக்கொள்ளவுமில்லை. நூலுக்கு உரியவன் அதனை எவ்வாறு படிக்கின்றானோ அவ்வாறு படிக்க முயன்றார். பொறைக்கும் மதிப்பிற்கும் உள்ள வேறுபாடு இதுவே என நாம் கருதுகின்றோம்.

படத்திற்கு வருவோம். காந்தியடிகளுக்குச் சினிமாவில் சுவை இருந்ததில்லை. அரசாங்கம் அமைத்த திரைப்பட விசாரணைக் குழுவிற்கு 1927-இல் அவர் விடுத்த மறுமொழியிலேயே அது புலனாகும். இத்தனைக்கும், சிறுவனாய் இருந்தபோது கண்ட அரிச்சந்திர நாடகம் தம்மை வாழ்நாள் முழுதும் ஆட்கொண்டதென எழுதியவரும் அவரே. நாடகத்தினால் உருவானவர் படத்தை ஒதுக்கினார். அவரையே படமாக்கி 1940-இல் வெளியிட்டவர், உலகம் சுற்றிப் படச்சுருள் திரட்டிய தமிழர் ஏ. கே. செட்டியார். 1945-இல் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் நடித்த ‘மீரா’ படத்தை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் தமிழறியாத அமெரிக்கர். கண்ணன்பால் மீரா கொண்ட காதலைத் தமிழ் மக்கள் கண்ணீர் பெருகக் கண்டபொழுது, இயக்கியவருடைய நாட்டையோ சமயத்தையோ எவரும் கேட்கவில்லை.

சமய ஒற்றுமையையே கருவாகக் கொண்ட படமென மாணாக்கர் முதலிற் சொல்வது, ஏ. பீம்சிங் இயக்கி 1961-இல் வெளிவந்த ‘பாவமன்னிப்பு’. முஸ்லிம் பெரியவர் ஒருவர் வளர்த்த ரஹீமாகச் சிவாஜி கணேசனும், கிறிஸ்துவ இல்லத்தில் வளர்ந்த மேரியாகத் தேவிகாவும் நடித்தனர். கண்ணதாசன் பாடல்கள் எழுத, விசுவநாதன்–ராமமூர்த்தி இசையமைத்தனர். டி. எம். சௌந்தரராஜனும் நாகூர் ஈ. எம். ஹனீபாவும் சேர்ந்து பாடிய பண்டிகைப் பாட்டு இன்றும் எச்சமயத்தாருடைய விழாவிலும் ஒலிக்கக் கேட்கின்றோம். இருளில் பலநூறு பேர் ஒருங்கே கண்ணீர் விடுவது நூலினால் ஆகாத காரியம்; அதனைப் படம் செய்கின்றது. இருப்பினும் நமக்கு ஒரு குறை தோன்றுகின்றது. ரஹீமும் மேரியும் பிறப்பினால் இந்துக்களின் குழந்தைகளே. ரஹீம் பிறப்பாலும் முஸ்லிமாகவே இருந்திருப்பின், இத்தனை பேருடைய நெஞ்சமும் அவனுக்காக இவ்வாறே உருகியிருக்குமா? இவ்வினாவைக் கேளாமலே படம் முடிந்துவிடுகின்றது. திரையில் வரும் பிற சமயத்தவன் ஒன்று பெருந்தியாகி, அன்றேல் வில்லன். தோழனிடம் கடன் வாங்கிவிட்டு மறக்கின்ற, சாம்பாரில் உப்புக் குறைந்தால் முணுமுணுக்கின்ற நம் பக்கத்து அறைத் தோழன் அங்கே வருவது அரிது. ஆதலின், படம் கண்டு திரும்பும்போது நாம் ஒன்று செய்யலாம்: அச்சமயத்தைச் சார்ந்த தோழனையே அழைத்து, இது உன்னைப் போல் இருக்கின்றதா என்று கேட்கலாம். விமரிசகர் பலர் எழுதுவதினும் அவன் கூறும் ஒரு சொல் பயனுடையதாகும்.

நூலும் படமும் இவ்வாறாக, பிறர் வழிபாட்டை நேரே எதிர்கொள்ளும் இடத்தில் நிகழ்ந்தது என்ன? 1947 ஏப்ரல் மாதத்தில் டில்லி பங்கி காலனியில் காந்தியடிகள் நடத்திய மாலைப் பிரார்த்தனையில், உபநிடதம், கீதை ஆகியவற்றோடு குர்ஆன் வசனமும் ஓதப்பெறுவது வழக்கம். கூட்டத்திற் சிலர் எழுந்து குர்ஆனை ஓதலாகாது எனத் தடுத்தனர். பெரும்பான்மையோர் அடிகளின் பக்கமே. அவர் நினைத்திருந்தால் தடுத்தவரை வெளியேற்றியிருக்கலாம். அன்றி அவ்வொரு வசனத்தை மட்டும் விட்டுவிட்டு எஞ்சியதை நடத்தியிருக்கலாம். இரண்டனையும் செய்யாது, பிரார்த்தனையையே நிறுத்தினார். மறுநாளும் தடை எழுந்தது, மறுநாளும் நிறுத்தினார். எதிர்ப்பவர் தாமே அடங்கிய பின்னரே முழுப் பிரார்த்தனையும் நடைபெற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடு இரண்டாகப் பிரிந்தது. 1948 ஜனவரி 30-ஆம் நாள் பிரார்த்தனைக்கு நடந்து செல்லும் வழியிலேயே அவர் சுடப்பட்டு வீழ்ந்தார்.

பஞ்சாபில் தீ எரிந்துகொண்டிருந்த அந்த 1947 அக்டோபரிலேதான் நம் ஊர்ப்புறத்தில் காந்திகிராமம் தோன்றி, சர்வ சமயப் பிரார்த்தனையைத் தன் வாழ்வின் ஒரு பகுதியாக்கிக்கொண்டது. அதனோடு நெருங்கிப் பழகியவருள் ஒருவர், அமெரிக்க மதுரை மிஷனின் ஊழியராக 1925-இல் இந்நாடு போந்த ரால்ப் ரிச்சர்டு கெய்த்தான். கதருடுத்திய ஆங்கில நண்பரொருவரை மதுரையில் தம் விருந்தினராக ஏற்றதன் விளைவாக 1930-இலும், பின்னும் 1944-இலும், ஆங்கில ஆட்சி அவரை நாட்டைவிட்டுப் போக்கியது. விடுதலைக்குப் பின் திரும்பிவந்து இவ்வட்டாரத்துக் கிராமங்களிலே உழைத்தார். தம் கிறிஸ்துவ நம்பிக்கையை விடாமலே அப்பிரார்த்தனையில் அமரலாம் என்பதற்கு அவரே நமக்குச் சான்று.

பிரார்த்தனையில் நம் பகுதி வருமிடத்தில் வாய்விட்டுச் சொல்லி, பிறர் பகுதி வருமிடத்தில் வாய்மூடி இருப்பதே மாணாக்கருட் பலருடைய வழக்கம். மரியாதையில் குறைவில்லை, பொருள்தான் தெரிவதில்லை. நூல்நிலையத்தில் பாரதியாரின் கீதை மொழிபெயர்ப்பு உண்டு. 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சேற்றிய புதிய ஏற்பாட்டின் வழிவந்த தமிழ் விவிலியம் உண்டு. அப்துல் ஹமீது பாகவி அவர்களின் குர்ஆன் தமிழாக்கம் உண்டு. இவற்றைக் கையிற் கொண்டு, அன்று ஓதிய வசனத்தின் பொருள் யாது என்று தோழனிடம் கேட்டுப் பாருங்கள். அவனும், கீதையைப் படித்தறியாத லண்டன் மாணாக்கரைப் போல, சிறிது நாணி, அப்புத்தகத்தை நம்மிடமிருந்தே இரவல் கேட்கக்கூடும்.