கையில் அள்ளிப் பார்க்க முடியாத சரக்கு

உப்பு வாங்க வருகிறவர் அம்பாரத்துக்குள் கையைவிட்டு ஒரு பிடி அள்ளுவார். மேலாக இருப்பது வெயிலில் காய்ந்து பளிச்சென்றுதான் இருக்கும். உள்ளே இருப்பதுதான் சேதி சொல்லும். உள்ளங்கையில் தேய்த்தால் ஈரம் ஒட்டுகிறதா, மண் கலந்திருக்கிறதா, கல் பருமனா பொடியா, நாக்கில் வைத்தால் கசக்கிறதா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அதன் பிறகுதான் மூட்டை என்ன விலை என்ற பேச்சு. மரக்காணம் உப்பளத்தில் இப்படிச் சரக்குப் பார்த்துப் பழகியவர் அதே ஊர்க் கடைத்தெருவில் செல்போன் கடைக்குள் நுழைந்தால் அந்தக் கைப்பழக்கம் எதுவும் உதவாது. பாட்டு, கேம், சாஃப்ட்வேர் மூன்றுமே அள்ளிப் பார்க்க முடியாத சரக்கு.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஃபிலிப் நெல்சன் 1970இல் சரக்குகளை இரண்டாகப் பிரித்தார். வாங்கும் முன்பே பார்த்துத் தரம் அறியக்கூடியவை ஒரு வகை. வாங்கிப் பயன்படுத்திய பிறகே தரம் தெரிபவை இன்னொரு வகை. உப்பு முதல் வகை, சாஃப்ட்வேர் இரண்டாம் வகை. இரண்டாம் வகையில் நாம் பெரும்பாலும் விலையை வைத்தே தரத்தை ஊகிக்கிறோம். விலை கூடுதலாக இருந்தால் நல்லதாகத்தான் இருக்கும் என்பது நம் ஊர் நம்பிக்கை. டிஜிட்டல் சரக்கில் இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் ரொம்பக் குறைவு.

காரணம் எளியது. உப்பளத்தில் பத்தாவது மூட்டைக்கும் நூறாவது மூட்டைக்கும் அதே வெயில், அதே வாருதல், அதே கூலி. சாஃப்ட்வேரின் முதல் பிரதிக்குக் கோடிக்கணக்கில் செலவாகலாம். இரண்டாவது பிரதிக்கு அநேகமாக ஒன்றுமே ஆகாது. அதனால் விலையை முடிவு செய்வது செய்கூலி இல்லை. இந்த ஊர்க்காரர் எவ்வளவு கொடுப்பார் என்ற கணக்குதான். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது மாதச் சந்தா 119 ரூபாய். அதே சேவைக்கு அமெரிக்காவில் 9.99 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 700 ரூபாய். இரண்டு ஊரிலும் காதில் விழுவது ஒரே கோப்புதான்.

விலை வழி காட்டாது என்றால் வேறு எதைப் பார்ப்பது? இங்கேயும் உப்பளத்திடம் ஒரு பாடம் இருக்கிறது. கடல்நீரின் அடர்த்தி போமே அளவையில் ஏறக்குறைய 3 டிகிரி. பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிட்டு அது 25 டிகிரியைத் தொடும்போது உப்பு படியத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்துகொள்ளும். உப்பு கசக்கும், ஈரத்தை இழுக்கும். அதற்கு முன்னரே மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். எதை எப்போது தள்ளுவது என்று தெரிந்தவர் எடுக்கும் உப்புதான் நல்ல உப்பு. டிஜிட்டல் பாட்டைச் செய்கிற வித்தையும் தள்ளுகிற வித்தைதான்.

இசைத் தகட்டில் ஒரு விநாடி ஒலியை 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக, இடது வலது என இரண்டு வரிசையில் எழுதுகிறார்கள். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்குச் சுமார் 1,411 கிலோபிட். ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று 53 எம்பி இடத்தைப் பிடிக்கும். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவருடைய குழுவினரும் வேறு பக்கமிருந்து யோசித்தார்கள்: காது எதையெல்லாம் கேட்பதில்லை? தவில் ஓங்கி ஒலிக்கும்போது அதை ஒட்டிய சுருதியில் மெல்ல வரும் ஒலி காதுக்கு எட்டாது. பலத்த அடி விழுந்த பிறகும் கொஞ்ச நேரம், விநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, காது மந்தமாகவே இருக்கும். அப்படி மறைந்துபோகும் ஒலிக்கு எதற்காக இடம் ஒதுக்க வேண்டும்? பாட்டை 26 மில்லிவிநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எது மறையும் என்று கணக்கிட்டு, அதைத் தள்ளிவிட்டு மிச்சத்தை எழுதும் முறையே எம்பி3. கோப்புகளுக்கு அந்தப் பெயர் 1995இல் அமைந்தது. விநாடிக்கு 128 கிலோபிட் போதும் என்று வைத்தால் அதே ஐந்து நிமிடப் பாட்டு 4.8 எம்பிக்குள் அடங்கிவிடும். 320 என்று வைத்தால் 12 எம்பி.

இனி மெமரி கார்டுக்கு வருவோம். ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் செல்போன் கடையில் ‘பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று எழுதிப் போட்டிருந்தார்கள். 2 ஜிபி கார்டில் 1,000 பாட்டு என்றால் கேட்கிறவருக்குக் கொள்ளை லாபமாகத் தோன்றும். கணக்குப் போட்டால் ஒரு பாட்டுக்கு 2 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டென்றால் விநாடிக்கு 53 கிலோபிட். தள்ள வேண்டியதோடு தள்ளக் கூடாததையும் சேர்த்துத் தள்ளினால்தான் இந்த அளவுக்குச் சுருங்கும். நாகஸ்வரக் கச்சேரியில் தாளத்தின் ‘ச்சிங்’ இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ‘ஷ்ஷ்’ என்று குழைந்து கேட்டால் கோப்பு அதிகமாக நசுங்கியிருக்கிறது. கஞ்சிராவின் அடி கூர்மையாக விழாமல், அதற்கு ஓர் இம்மி முன்னாலேயே சலசலப்புக் கேட்டாலும் அதே கதைதான். குரலில் இந்தக் குறை சட்டென்று பிடிபடாது. பாடகருக்காகவே கேட்கிறவர்கள் வருடக்கணக்கில் இதைக் கவனிக்காமல் இருந்துவிடுவார்கள். பாட்டை இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் அந்தக் கார்டிலிருந்து ஒரு காசும் போகவில்லை என்பது தனிக் கணக்கு.

இன்னொரு ஏமாற்று, ‘320 தரம்’ என்று போட்டுக் கிடைக்கும் கோப்பு. 128இல் சுருங்கிய பாட்டை மறுபடி 320இல் எழுதினால் கோப்பு பெருக்கும். தள்ளிய ஒலி திரும்பி வராது. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் பாட்டைத் திறந்து அலைவரிசைப் படமாக மாற்றுங்கள். உண்மையான 320 கோப்பில் நிறம் 20,000 ஹெர்ட்ஸ் அருகே வரை ஏறியிருக்கும். போலிக் கோப்பில் 16,000 பக்கத்தில் யாரோ கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோடு தெரியும், அதற்கு மேலே கருப்பு. அம்பாரத்துக்குள் கையைவிடுகிற சோதனைக்கு டிஜிட்டலில் ஈடு என்று நான் சொல்வது இதைத்தான்.

எதையும் தள்ளாத கோப்புக்கு, அதாவது இழப்பில்லாத வடிவத்துக்கு, அதிகம் கொடுக்கலாமா? ஆப்பிள் மியூசிக் 2021இல் அதைக் கூடுதல் கட்டணமில்லாமலே கொடுக்கத் தொடங்கிவிட்டது. பணம் கேட்கும் இடமானாலும் முதலில் உங்கள் காதில் இருப்பதைப் பாருங்கள். சாதாரண புளூடூத் இயர்போன் பாட்டைத் தன் பங்குக்கு மறுபடி சுருக்கித்தான் வாங்கிக்கொள்ளும். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்பவருக்கு 320க்கும் அதற்கு மேலுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்தக் காசுக்கு நல்ல கம்பி இயர்போன் ஒன்று வாங்கலாம்.

தரத்தில் இன்னொன்றும் சேர்த்தி: நாளைக்கும் அது உங்களிடம் இருக்குமா? ஃபிளிப்கார்ட் 2012இல் ‘ஃபிளைட்’ என்ற பெயரில் பாட்டுக்கடை திறந்தது. பாட்டைத் தனித்தனியாகப் பூட்டில்லாத எம்பி3 கோப்பாக விற்றார்கள். மக்கள் காசு கொடுத்து வாங்கவில்லை. 2013 ஜூனில் கடையை மூடினார்கள். ஆனால் வாங்கியவர் கோப்பைப் பத்திரமாக வைத்திருந்தால் இன்றும் கேட்கலாம். ஏர்டெல்லின் விங்க் மியூசிக் 2024இல் மூடப்பட்டபோது அந்தச் செயலிக்குள் இறக்கி வைத்த பாட்டுகளும் அதோடு போயின. சந்தா என்பது வாடகை. வாடகை தப்பில்லை, ஆனால் அதை விலை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

கேமில் இந்த விஷயம் இன்னும் கறாரானது. யூபிசாஃப்ட் 2014இல் விற்ற ‘தி க்ரூ’ கார்ப் பந்தய விளையாட்டின் சர்வரை 2024 மார்ச் 31இல் நிறுத்தினார்கள். தனியாக ஓட்டி விளையாடவும் சர்வர் தேவைப்பட்டதால் முழு விலை கொடுத்தவர்களிடமும் ஒன்றும் மிஞ்சவில்லை. கேம் வாங்குவதில் சிலர் மணிக்கணக்கு வைத்து மதிப்புப் போடுகிறார்கள்: 500 ரூபாய் கேமை 50 மணி நேரம் ஆடினால் மணிக்கு 10 ரூபாய், சினிமாவைவிட மலிவு என்று. எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கையில்லை. மணியை இழுப்பது எப்படி என்று கேம் செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதுவும் இலவச கேம்தான் அதிகம் இழுக்கும். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்து ஒன்றைக் காட்டினார். கொத்தினால் ஒவ்வொரு முறையும் தானியம் விழும் பெட்டியைவிட, எப்போது விழும் என்று சொல்ல முடியாத பெட்டியையே புறா விடாமல் கொத்தும். பரிசு ஒளிந்திருக்கும் பெட்டிகளைக் கேமுக்குள் காசுக்கு விற்பது இதே விதியில்தான். பெல்ஜியம் 2018இல் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. ரூபாயை நேராக வாங்காமல் வைரம், காசு என்று மாற்றி வாங்கவைப்பதும் ஒரு தந்திரம். பொருளின் விலை 100 வைரம் என்று வைத்துவிட்டு, வைரத்தை 80, 80 ஆகவே விற்றால் பெரும்பாலும் கொஞ்சம் மீதி நிற்கும். அந்த மீதி அடுத்த செலவுக்குக் கூப்பிடும். பிள்ளைக்கு கேம் வாங்கிக் கொடுக்க நினைக்கும் பெற்றோருக்கு என் தீர்ப்பு: ஒரே தடவை விலை கொடுத்து, இணையமில்லாமலும் ஓடும் கேம், இலவச கேமைவிடப் பெரும்பாலும் மலிவு.

இலவசமெல்லாம் இப்படித்தான் என்றும் சொல்லிவிட முடியாது. யார் செலவில் இலவசம் என்று கேட்க வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரி வட்டாரத்தில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. மரக்காணத்துக்குத் தெற்கே உள்ள வீராம்பட்டினம் மீனவர் குப்பத்தில், இணையத்திலிருந்து எடுத்த அலை உயர விவரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்த வழியில் பிறகு வந்த ‘ஃபிஷர் ஃபிரெண்ட்’ செயலி, ஐதராபாத்தின் இந்தியக் கடல் தகவல் சேவை மையம் தரும் அலை, காற்று, மீன்வளப் பகுதி விவரங்களைத் தமிழிலும் காட்டுகிறது. மீனவர் காசு கொடுப்பதில்லை. அவர் பார்க்கும் தரம் ஒன்றே: நாளைக் காலை அலை சொன்னபடி இருந்ததா?

சாஃப்ட்வேரில் விலையைவிட முக்கியமான கேள்வி, கோப்பு வெளியே வருமா என்பது. நம் வட்டார அச்சகங்களையும் டிடிபி கடைகளையும் இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. இருந்தும் கல்யாணப் பத்திரிகை அதில்தான் வெகுகாலம் ஓடியது, சில இடங்களில் இன்னும் ஓடுகிறது. அதில் பழைய எழுத்துருக்கள். அவற்றில் ஒன்றான பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினி உண்மையில் சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும். அவற்றின்மேல் தமிழ் உருவம் வரையப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பையாகத் தெரியும். கூகுளில் தேட முடியாது, போனில் படிக்க முடியாது. தமிழக அரசு 2010 ஜூனில் யூனிகோடு எனப்படும் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. அதில் தட்டச்சு செய்ய அழகி, இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் எல்லாம் காசில்லாமலே கிடைக்கின்றன. காசு கொடுத்து வாங்கிய எழுத்துருவில் பூட்டப்பட்ட பத்து வருட வேலையைவிட, இலவசக் கருவியில் அடித்த ஒரு பக்கம் நீண்ட நாள் வாழும்.

விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு மேம்படுத்தல் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. பழைய கணினியைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கச் சொல்லும் கடைக்காரரிடம் தலையாட்டும் முன், லினக்சும் லிப்ரே ஆபீசும் உங்கள் வேலைக்குப் போதுமா என்று பாருங்கள். மாவட்டத் தலைநகரில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு என்ற தன்னார்வலர் அமைப்பு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கிறது. ‘கிராக்’ போட்ட சாஃப்ட்வேரைமட்டும் வங்கிக் கணக்கு இருக்கும் கணினியில் ஏற்றாதீர்கள். பூட்டை உடைத்தவர் உள்ளே வேறு எதை வைத்துப் போனார் என்று யாருக்கும் தெரியாது.

வாங்கியது பிடிக்கவில்லையென்றால் தாமதிக்க வேண்டாம். கூகுள் பிளேயில் வாங்கிய 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கேம் கடையான ஸ்டீமில் 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் கேட்கலாம். நிறுவனம் காது கொடுக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம்.