பிடித்துக்கொண்ட போல்ட்

பட்டறையில் ‘ஜாம் ஆயிடுச்சு’ என்று சொல்லப்படும் போல்ட் எல்லாம் ஒரே காரணத்தால் அசையாமல் நிற்பதில்லை. முன்பு மாட்டியவர் அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் அது வெறும் இறுக்கம். நீளமான கைப்பிடி போட்டால் கழன்றுவிடும். மரைக்குள் துரு நிரம்பியோ, இரும்பும் அலுமினியமும் ஒன்றோடொன்று அரித்தோ நிற்பது ஒட்டுதல். அதற்கும் அதே நீளக் கைப்பிடியைப் போட்டு இழுத்தால் போல்டின் தலை மட்டும் கையோடு வந்துவிடும், உடல் இன்ஜினுக்குள்ளேயே தங்கிவிடும். வீட்டு வாசலில் காரை நிறுத்தி வேலை பார்ப்பவர் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பு இந்த இரண்டில் எது என்று கண்டுகொள்ள வேண்டும்.

வடசென்னையின் சாத்தாங்காட்டில் பெரும்பாலும் எதிர்ப்படுவது ஒட்டுதல்தான். ஜார்ஜ் டவுன் நெரிசலிலிருந்து இரும்பு வியாபாரத்தை வெளியே கொண்டுவர சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) அமைத்த இரும்பு எஃகு அங்காடி இங்கே இருக்கிறது. அங்கு வெட்டவெளியில் அடுக்கிய கம்பியும் தகடும் எவ்வளவு சீக்கிரம் செம்மண் நிறத்துக்கு மாறுகின்றன என்பதைப் பார்த்தாலே இந்த ஊர்க் காற்றின் குணம் தெரியும். கிழக்கே சில கிலோமீட்டரில் கடல், மேற்கே மணலியின் ஆலைகள். காற்றில் வரும் சோடியம் குளோரைடு, ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஆகவே மழை பெய்யாத நாளிலும் போல்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது. ஆலைப் புகையின் கந்தக டைஆக்சைடும் அதில் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகம் பிடிக்கும். தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு இது புதிய கவலை அல்ல. அழகப்பச் செட்டியார் தந்த நிலத்திலும் நன்கொடையிலும் 1948-ல் அடிக்கல் நாட்டிக் காரைக்குடியில் எழுப்பப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இந்தியாவில் எங்கே இரும்பு எவ்வளவு அரிக்கும் என்பதற்கு ஒரு வரைபடமே தயாரித்தது. கடற்காற்றின் அரிப்பை ஆராய மண்டபத்தில் அதற்குத் தனி மையம் உண்டு.

இரும்பு துருவாக மாறும்போது குறைந்தது இரண்டு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். நட்டின் மரைக்கும் போல்டின் மரைக்கும் நடுவே இருப்பதோ தலைமுடி அளவு இடைவெளி. அந்த இடத்துக்குள் துரு உப்பி ஆப்பு அடித்ததுபோல் நிற்கிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட்களில் இது மிக மோசம். ஒவ்வொரு முறை இன்ஜின் சூடாகிக் குளிரும்போதும் ஈரமும் காற்றும் உள்ளே போய்வருகின்றன. தெர்மோஸ்டாட் மூடி, வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் தாங்கி போன்ற இடங்களில் நிலைமை வேறு. அங்கே எஃகு போல்ட் அலுமினியத்துக்குள் இருக்கிறது. உப்புநீர் பட்டதும் இரண்டும் சேர்ந்து ஒரு சிறிய பேட்டரிபோல் ஆகிவிட, அரிபடுவது அலுமினியம்தான். மரை ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் உள்ளே நடந்தது இதுவே.

முதல் வேலை சுத்தம். கம்பி பிரஷ்ஷால் தலையையும் வெளியே நீட்டிய மரையையும் தேய்த்துத் துருவை உதிர்க்க வேண்டும். பிறகு ஸ்பேனர் அளவு. துருப்பிடித்த தலை கொஞ்சம் தேய்ந்திருக்கும் என்பதால் பன்னிரண்டு பட்டை ரிங் ஸ்பேனர் மூலைகளை வழித்துவிடும். ஆறு பட்டை சாக்கெட் பக்கங்களைப் பிடிப்பதால் வழுக்காது. ஓப்பன் ஸ்பேனரை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. மரையின் திசையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சில பழைய லாரிகளின் இடப்பக்கச் சக்கர நட்டுகளிலும், கேஸ் வெல்டிங்கின் எரிவாயு இணைப்பிலும் இருப்பது இடது மரை. அதைக் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போனவர்கள் உண்டு.

அடுத்தது எண்ணெய். எண்ணெயைவிட முக்கியம் நேரம். கடையில் கிடைக்கும் டபிள்யூடி-40 ஸ்பிரே 1953-ல் அமெரிக்காவில் உருவானது. பெயரின் பொருள் ‘நீரை விலக்கும் நாற்பதாவது கலவை’ என்பதே. நீரை விரட்டுவதற்காகப் பிறந்த அது ஓரளவுக்கு மரைக்குள்ளும் இறங்கும். துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே விற்கும் எண்ணெய்கள் இதைவிட நன்றாக வேலை செய்யும். இரண்டும் கையில் இல்லாதபோது மண்ணெண்ணெயில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்து விடுவது பழைய பட்டறை வழக்கம், அதுவும் பலிக்கும். எதைப் போட்டாலும் ஐந்து நிமிடத்தில் ஸ்பேனரைப் போடுவது எண்ணெயை வீணாக்குவதுதான். மாலையில் நனைத்து, இரவு ஒருமுறை நனைத்து, காலையில் தொட வேண்டும். மரையின் மறுமுனை தெரிந்தால் அந்தப் பக்கமும் விட வேண்டும். செங்கல் கரைத்த நீர்போல் சிவப்பாக மரையிலிருந்து கசிந்தால் எண்ணெய் உள்ளே இறங்கிவிட்டது என்று அறியலாம்.

நனைந்த போல்டின் தலையில் சுத்தியலால் நேராக நாலைந்து தட்டுத் தட்டினால் துருவின் பிடி விரிசல் விடும். அந்த விரிசல் வழியே எண்ணெய் இன்னும் உள்ளே போகும். பிறகு ஸ்பேனரைப் போட்டு முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கமே அழுத்திப் பார்ப்பது நல்லது. நூலிழை அளவு அசைந்தாலும் போதும். கழற்றும் பக்கம் கால் சுற்று, திரும்ப இறுக்கும் பக்கம் கொஞ்சம், நடுவில் எண்ணெய் என்று முன்னும் பின்னுமாகக் கொண்டுவர வேண்டும். ஒரே மூச்சில் கழற்றினால் உதிர்ந்த துரு மரைக்குள் மாவாக அரைபட்டு, பாதி வழியில் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

கை சொல்லும் சேதியைக் கவனிப்பதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது. ‘டக்’ என்று கூர்மையான சத்தத்தோடு விட்டால் துரு உடைந்தது என்று அர்த்தம். சத்தமில்லாமல், ஈரத் துணியைப் பிழிவதுபோல் மெதுவாக இழுபட்டால் மரை அசையவில்லை, போல்டே முறுக்கிக்கொள்கிறது. அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். இதற்குக் கணக்கும் உண்டு. 8.8 என்று தலையில் பொறித்த 8 மி.மீ. போல்டை இறுக்கத் தேவைப்படும் முறுக்கு சுமார் 25 நியூட்டன் மீட்டர். ஓர் அடி நீளக் கைப்பிடியின் நுனியில் 20 கிலோ பாரம் அளவுக்கு அழுத்தினாலே கிட்டத்தட்ட 60 வந்துவிடும். ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஏறி நிற்பவர் அந்தச் சின்ன போல்டுக்கு எமனாகிறார்.

எண்ணெய்க்கு மசியாததற்குச் சூடு. 10 மி.மீ. எஃகை 300 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் சுமார் 0.036 மி.மீ. விரியும். கேட்கச் சிறியதுதான், ஆனால் துருவின் பிடியை உடைக்கப் போதும். சூடேற்ற வேண்டியது நட்டை, அல்லது போல்ட் இறங்கியிருக்கும் உடலை. அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் அங்கே சூடு நன்றாகவே உதவும். ஆனால் எச்சரிக்கை தேவை: எஃகு சிவந்து காட்டும், அலுமினியம் நிறம் மாறிக் காட்டாமலே 660 டிகிரியில் உருகிவிடும். சூடான நட்டின் ஓரத்தில் மெழுகுவர்த்தியை வைத்தால் மெழுகு உருகி மரைக்குள் இழுபடும். நல்ல பலன் தரும் எளிய முறை இது. மரையில் சிவப்புப் பசை போட்டு ஒட்டியிருந்தாலும் சுமார் 250 டிகிரிச் சூட்டில்தான் அது இளகும்.

நெருப்பை எடுக்கும் முன் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றி, பெட்ரோல் குழாய், பிரேக் ஹோஸ், வயரிங் எதுவும் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். எண்ணெய் ஸ்பிரே அடித்த இடத்தைத் துடைக்காமல் நெருப்புக் காட்டக் கூடாது. வண்டிக்கு அடியில் வேலை என்றால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்தே தீர வேண்டும். பிடித்த போல்டை இழுக்கும்போது வண்டி குலுங்கும். சூடேற்றும் முறைக்கு ஸ்பார்க் பிளக் மட்டும் விலக்கு. அலுமினிய ஹெட்டில் இருக்கும் பிளக்கை இன்ஜின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும், சூட்டில் இழுத்தால் ஹெட்டின் மரையும் சேர்ந்து வந்துவிடும்.

தலை உடைந்தே போனால் கொஞ்சம் தண்டு வெளியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் போடுவதே சிறந்த வழி. வெல்டிங்கின் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். தண்டு உள்ளே புதைந்திருந்தால் நடுவில் பஞ்ச் அடித்துத் துளை போட வேண்டும். அந்தத் துளையில் செருகி உடைந்த தண்டைத் திருகி எடுக்கும் ஈசி அவுட்டை வீட்டில் முயல்வது ஆபத்து. அது கடினமான எஃகு, உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் அதைத் துளைக்காது. அசோக் லேலண்டும் என்ஃபீல்டும் வேரூன்றிய எண்ணூர், திருவொற்றியூர் பகுதியில் லேத் பட்டறைக்கும் வெல்டருக்கும் பஞ்சமில்லை. கழற்ற முடிந்த பாகமாக இருந்தால் அப்படியே பட்டறைக்கு எடுத்துப் போவது செலவைக் குறைக்கும். மரை போயிருந்தாலும் பெரிதாகத் துளைத்து, டேப் போட்டு, உள்ளே கம்பிச்சுருள் மரை பதித்துப் பழைய அளவுக்கே கொண்டுவர முடியும்.

திரும்ப மாட்டும்போது பழைய மரையை டேப் விட்டுச் சுத்தம் செய்து, மேனிஃபோல்டு ஸ்டட்களில் செம்புப் பசையை மெல்லியதாகத் தடவ வேண்டும். முறுக்கும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுவதால், பசை தடவிய மரையில் அதே விசை போல்டைக் கூடுதலாக இழுக்கும். டார்க் ரென்ச்சில் அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். சக்கர நட்டுகளில் மட்டும், தயாரிப்பாளர் சொல்லாதவரை, எண்ணெயோ பசையோ படக் கூடாது. அங்கே மரையைக் காய்ந்த பிரஷ்ஷால் துடைத்து அப்படியே மாட்ட வேண்டும்.