முள் காட்டாத சூடு

வயலும் வண்டியும் – 11

வாழை வெட்டு நடக்கிற நாளில் ஸ்ரீவைகுண்டம் தென்கால் கரைப் பக்கம் போனால் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். தோட்டம் தாழ்வில் கிடக்கும், கரை மேலே இருக்கும். நடுவில் மண்ணை இழுத்துவிட்டு உண்டாக்கிய சரிவு. தார் ஏற்றிய டிரெய்லரோடு டிராக்டர் அதில் ஏறியாக வேண்டும். முன்சக்கரம் லேசாகத் தூக்கும், புகை கறுக்கும். ஓட்டுகிறவரின் இடது கால் கிளட்ச்சைப் பாதி அழுத்தி, பாதி விட்டு நடுங்கிக்கொண்டிருக்கும். வண்டி கரையேறிப் போன பிறகும் ஒரு பொசுங்கல் நாற்றம் அங்கேயே நிற்கும். கிளட்ச் பிளேட்டின் ஆயுள் கரைகிற நாற்றம் அது.

தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். 1873-இல் கட்டி முடிக்கப்பட்டது. வடகாலும் தென்காலும் அங்கிருந்துதான் பிரிகின்றன. ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் வரைக்கும் தென்கால் பாசனத்தில் நெல்லும் வாழையும்தான் பிழைப்பு. ஒரு காலத்தில் மாட்டு வண்டி சுமந்ததையெல்லாம் இன்று டிராக்டரும் டிரெய்லரும் சுமக்கின்றன. உழவுக்கென்று வாங்கிய வண்டியும் வருஷத்தில் பாதி நாள் பாரம் இழுக்கத்தான் ஓடுகிறது. உழவு நேரத்தில் காட்டுகிற கவனத்தைப் பாரம் இழுக்கும்போது யாரும் காட்டுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

டாஷ்போர்டில் இருக்கும் சூட்டு முள் எஞ்சின் தண்ணீருக்கானது. அது பச்சையில் நின்றால் வண்டி நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடுகிறோம். கிளட்ச்சுக்கு முள் கிடையாது, கியர் பாக்ஸுக்கும் கிடையாது. எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கும்போதே பின்னால் இருக்கும் பெட்டி வெந்துகொண்டிருக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏத்தன் வாழைத் தார் ஒன்று 12 கிலோ, டிரெய்லரில் 300 தார் என்று வைத்துக்கொண்டால் 3,600 கிலோ. டிரெய்லரின் சொந்த எடை ஒன்றரை டன், டிராக்டர் இரண்டு டன். மொத்தம் 7 டன்னைத் தாண்டுகிறது. எட்டு அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில் இதை ஏற்றுவது, 875 கிலோவுக்கு மேல் நேராகத் தூக்குவதற்குச் சமம். வண்டல் மண்ணில் சக்கரம் புதைவதால் கூடும் இழுவை தனி. டிரெய்லர் டயரில் காற்றுக் குறைந்திருந்தால் அது இன்னும் ஏறும்.

இந்தப் பாரத்தை ஹாஃப் கிளட்ச்சில் இழுத்தால் என்ன ஆகிறது? எஞ்சின் 1,500 சுற்றில் ஓடுகிறது, கியர் தண்டு 750 சுற்றில்தான் சுழல்கிறது என்றால், எஞ்சின் கொடுக்கிற சக்தியில் சரிபாதி கிளட்ச் பிளேட்டில் சூடாக மாறுகிறது. 20 குதிரைச் சக்தி போகிறதென்றால் 10 குதிரைச் சக்தி அங்கேயே எரிகிறது. அதாவது ஏறத்தாழ ஏழரை கிலோவாட். வீட்டுக் குளியலறை வாட்டர் ஹீட்டர் நான்கை ஒன்றாகப் போட்டால் வருகிற சூடு, சாப்பாட்டுத் தட்டளவுப் பிளேட் ஒன்றில் இறங்குகிறது. பிரஷர் பிளேட் நீலம் பாய்ந்து போவதும், லைனிங் கருகி உதிர்வதும் இப்படித்தான்.

“அண்ணாச்சி, வண்டி இழுக்க மாட்டேங்கு” என்று பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால், விவரம் தெரிந்த மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் “என்ன கியர்ல ஏத்துன?” என்றுதான் கேட்பார். சரியான கேள்வி. சரிவு தொடங்குமுன் வண்டியை நிறுத்தி, லோ லிவரைப் போட்டு, முதல் கியரோ இரண்டாம் கியரோ போட்டு, கிளட்ச்சை முழுவதுமாக விட்டுவிட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக வைத்து ஏற வேண்டும். கால் மிதியில் இருக்கவே கூடாது. நடுவில் கியர் மாற்றுகிற எண்ணமும் வேண்டாம். ஏறியபின் நாற்றம் வந்தால், வண்டியை அணைத்துவிடாமல் நியூட்ரலில் போட்டு, கிளட்ச்சை விட்டு, ஐந்து நிமிடம் ஓடவிடுவது நல்லது. பிளேட் சுழன்றபடியே ஆறும்.

கிளட்ச் சூடு மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆயில் சூடு தெரியாது. நம் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில். ஆயில் பிரேக் உள்ள வண்டிகளில் பிரேக் பிளேட்டுகளும் அதே ஆயிலில்தான் மூழ்கிக் கிடக்கின்றன. பல மாடல்களில் 30 லிட்டருக்கு மேல் பிடிக்கும். இவ்வளவு ஆயில் இருக்கிறதே, எப்படிச் சூடாகும் என்று தோன்றலாம். பல்சக்கர உரசலில் எழும் சூடு சாதாரணமாகத் தாங்கக்கூடியதுதான். பெரிய சூடு வேறு இடத்திலிருந்து வருகிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை.

ஹைட்ராலிக் லிஃப்ட் லிவரை முழுக்க மேலே தூக்கிவைத்தபடியே சாலையில் போகிறவர்களைப் பார்க்கிறோம். லிஃப்ட் கைகள் மேலே போய் முட்டியபின்னும் லிவர் தூக்கச் சொல்லிக்கொண்டே இருந்தால், பம்ப் தள்ளுகிற ஆயிலெல்லாம் ரிலீஃப் வால்வைப் பிளந்துகொண்டு திரும்பும். நிமிடத்துக்கு 20 லிட்டர், 150 பார் அழுத்தம் என்று எடுத்துக்கொண்டாலே 5 கிலோவாட் சூடு ஆயிலுக்குள் நேரடியாக இறங்குகிறது. ஒரு வேலையும் நடப்பதில்லை. ஒரு ‘கிர்ர்’ சத்தம் மட்டும் கேட்கும். அதைக் கேட்டதும் லிவரை ஒரு விரல் அளவு கீழே இறக்கினால் சத்தம் நின்றுவிடும். இதைவிடச் சுலபமான பராமரிப்பு எந்த வண்டியிலும் இல்லை. டிப்பர் டிரெய்லரைத் தூக்கி முடித்ததும் லிவரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறப்பதும் இதே தப்புத்தான்.

வெளிநாடுகளில் இதே பிரச்சினை கேரவனோடு வருகிறது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் விடுமுறைக்குப் போகிறவர்கள், படுக்கையும் அடுப்பும் வைத்த இழுவை வீட்டை டீசல் வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். வண்டி பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். அங்கே கிளட்ச் பிளேட்டுக்குப் பதில் டார்க் கன்வெர்ட்டர். ஒரு விசிறி ஆயிலைத் தள்ள, அந்த ஆயில் எதிரே உள்ள விசிறியைச் சுழற்றுகிறது. மெதுவாக மேடேறும்போது இரண்டு விசிறிகளின் சுற்றும் ஒத்துப்போகாது. அந்த வித்தியாசத்தில் பெரும் பகுதி சூடாகிறது. நாம் காலால் செய்கிற ஹாஃப் கிளட்ச்சை அந்தப் பெட்டி தானாகவே செய்கிறது. வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு லாக்-அப் கிளட்ச் பூட்டிக்கொள்ளும். அதன்பின் நழுவல் இல்லை, சூடும் குறைவு. அதனால்தான் மேடு வருமுன்னே கையால் கியரைக் குறைத்து, லாக்-அப் விடுபடாமல் ஏறுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். அந்த ஆயில் 80 டிகிரி செல்சியஸ் அளவில் நெடுநாள் உழைக்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10, 11 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் பழகிய கணக்கு. ஆகவே ரேடியேட்டர் முன்னால் தனி ஆயில் கூலர், ஆயில் சூட்டுக்குத் தனி மீட்டர் என்று மாட்டிக்கொள்கிறார்கள். விடுமுறைப் பயணத்துக்கே அவ்வளவு ஏற்பாடு. இங்கே ஒரு குடும்பத்தின் வருமானமே அந்தக் கொக்கியில் தொங்குகிறது, ஆனால் ஒரு மீட்டர் இல்லை. எஞ்சின் தண்ணீர்ச் சூட்டை அளக்கிற அதே மாதிரிச் சின்ன சென்சார் ஒன்றை கியர் பாக்ஸ் ஹவுசிங்கில் பொருத்தி, டாஷ்போர்டில் ஒரு முள் வைப்பது பெரிய செலவில்லை. பாரம் இழுக்கும் வண்டி என்று விளம்பரம் செய்து விற்கிற நிறுவனங்கள் இதைச் செய்தே ஆக வேண்டும்.

அதுவரை கைதான் மீட்டர். ஓட்டி நிறுத்தியதும் ஹவுசிங்கின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி பொறுக்க முடிந்தால் வெளிப்பக்கம் 60 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கிறது என்று கொள்ளலாம். வைத்ததும் கையை இழுத்துக்கொண்டால் ஆயில் அளவையும், பிரேக் இழுத்துக்கொண்டிருக்கிறதா என்பதையும் அன்றே பார்க்க வேண்டும். எலெக்ட்ரானிக் கடைகளில் கிடைக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி இன்னும் தெளிவாகச் சொல்லும். ஆனால் கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டிய கருவி இதற்கு உதவாது. காய்ச்சல் அளவுக்கு மேல் அதற்குத் தெரியாது. பட்டறைக்கென்று விற்பதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சூடு ஒரு பக்கம் என்றால், சூடான பெட்டி திடீரென்று குளிர்வது இன்னொரு பக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் டிராக்டர் இறங்கும்போது பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஓடிச் சூடான பெட்டிக்குள் காற்று விரிந்திருக்கும். குளிர்ந்த நீரில் இறங்கியதும் அந்தக் காற்று சுருங்கும். சுருங்கும்போது பிரீதர் துளை வழியாகவும் தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும் வெளியே இருப்பதை உறிஞ்சும். வெளியே இருப்பது வெள்ள நீர்.

ஓரிரு நாள் கழித்து அளவுகோலை உருவினால் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கும். அடியில் தண்ணீர் தங்கிவிடும், கொஞ்சம் வடித்துவிட்டால் போதும் என்று நினைப்பது ஆபத்து. கலந்துபோன தண்ணீர் முழுவதும் பிரியாது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஆயில் படலம் நிற்காது, பேரிங் துருப்பிடிக்கும், ஆயிலில் மூழ்கிய பிரேக் பிளேட்டின் மேல்பூச்சு ஊறி உரியும். முழுவதும் வடித்து, ஒருமுறை அலசி, புதிதாக ஊற்றுவதுதான் வழி. 30, 40 லிட்டர் ஆயில் என்பது வெள்ளத்தில் வாழையைப் பறிகொடுத்தவருக்கு எவ்வளவு பெரிய செலவு என்பது தெரியும். பயிருக்கு நிவாரணம் கேட்கிறபோது வண்டி ஆயிலையும் சேர்த்துக் கேட்பதில் தவறே இல்லை என்பது என் கருத்து. ஊற்றுகிற ஆயிலும் கையேட்டில் குறிப்பிட்ட தரமாக இருக்க வேண்டும். ஆயில் பிரேக் வண்டிக்கு எஞ்சின் ஆயிலையோ, விலை குறைவு என்று சில்லறை ஆயிலையோ ஊற்றினால் பிரேக் கிறீச்சிடும், பிடிக்கவும் செய்யாது.

ஏற்ற விதி டிராக்டருக்கு மட்டுமல்ல. ஏத்தன் காய் ஓணத்துக்கு முன் கேரளாவுக்குப் போகிறபோது செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவில் ஏறி, ஆரியங்காவு வழியாகப் போகிறது. அங்கே லாரிதான் இழுக்கிறது, டிராக்டர் இல்லை. ஆனாலும் ஏற்றத்தில் சொன்ன விதி அதேதான்: வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். இறக்கத்தில் அதே கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துவைக்க, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்க வேண்டும்.

நம் டிரெய்லர்களில் பலவற்றுக்குச் சொந்தமாகப் பிரேக்கே இல்லை. பின்னால் வருகிற ஐந்து டன்னையும் டிராக்டரின் பிரேக்தான் நிறுத்துகிறது, அந்தச் சூடும் அதே ஆயிலுக்குள்தான் போகிறது. டிரெய்லர் பிரேக்கைப் பற்றி அடுத்த வாரம்.