உறக்கமீட்சியில் மடிக்கணினி வன்பொருள் செயலிழப்பு

உறக்கமீட்சியில் வன்பொருள் செயலிழப்பு என்பது, மடிக்கணினி உறக்கநிலையிலிருந்து விழித்த பின்னர் அதன் வைஃபை, ஒலி, டச்பேட், வெப்கேமரா, திரை முதலிய பாகங்களுள் ஒன்றோ பலவோ இயங்காமற் போவதைக் குறிக்கும். கணினியை மறுதொடக்கம் செய்தவுடன் அதே பாகம் பழையபடி இயங்குவது இச்சிக்கலின் தெளிவான அடையாளமாகும். பாகம் கெட்டுவிட்டதாகக் கருதி அட்டையையோ தாய்ப்பலகையையோ பணம் கொடுத்து மாற்றுவோர் உண்டு. ஆனால் மறுதொடக்கத்தில் உயிர்பெறும் பாகம் பெரும்பாலும் பழுதான பாகமன்று. உறங்குமுன் அதற்கிருந்த நிலை விழித்தபின் அதற்குத் திருப்பித் தரப்படவில்லை என்பதே பொருள்.

பின்னணி

1992 இல் இன்டெல்லும் மைக்ரோசாப்டும் வெளியிட்ட ஏபிஎம் முறையில் மின்சிக்கன வேலைகளைப் பெரிதும் பயாஸே கவனித்துக்கொண்டது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோசிபா ஆகியவை வெளியிட்ட ஏசிபிஐ சீர்தரம் இப்பொறுப்பை இயங்குதளத்திடம் ஒப்படைத்தது. 2013 முதல் இச்சீர்தரத்தை யூஈஎஃப்ஐ மன்றம் பேணிவருகிறது. இம்மாற்றத்தால் உறங்குவதும் விழிப்பதும் பயாஸ், இயங்குதளம், டிரைவர் எனப்படும் சாதன இயக்கி ஆகிய மூன்றும் கூடிச் செய்யும் வேலையாயிற்று. இவற்றை எழுதுவோர் பெரும்பாலும் வெவ்வேறு நிறுவனத்தினர். எவர் தவறினாலும் பயனர் காண்பது ஒன்றே: பாகம் இயங்கவில்லை.

ஏசிபிஐ வரையறுக்கும் எஸ்3 நிலையில் நினைவகத்துக்கும் விழிப்பூட்டும் சுற்றுகளுக்கும் மட்டுமே மின்சாரம் தொடர்கிறது. செயலி, வைஃபை அட்டை, ஒலிச் சில்லு ஆகியவை மின்சாரம் இழக்கின்றன. அவற்றின் பதிவகங்களில் இருந்தவை அழிந்துபோகின்றன. விழித்தெழும் கணினியில் நினைவகத்துக்கு எல்லாம் நினைவிருக்கும், அட்டைக்கோ எதுவும் நினைவிருக்காது. பல வைஃபை அட்டைகள் தமது உள்மென்பொருளைக்கூடத் தம்மிடம் வைத்திருப்பதில்லை. சாதன இயக்கி அதை வட்டிலிருந்து எடுத்து அட்டையில் ஏற்றுகிறது. விழிக்கும்போது வட்டு எழுமுன் அட்டை எழுந்துவிட்டால் ஏற்றுவதற்குக் கோப்பு கிடைக்காது. இதைத் தவிர்க்கவே லினக்ஸ் கருனி, உறங்கப்போகுமுன் அக்கோப்புகளை நினைவகத்தில் எடுத்து வைத்துக்கொள்கிறது.

விண்டோஸ் 8 (2012) முதல் வேறொரு உறக்கமும் பரவியது. விண்டோஸ் 10 (2015) இல் இது மாடர்ன் ஸ்டான்ட்பை எனப் பெயர் பெற்றது. இதில் கணினி எஸ்0 நிலையிலேயே இருக்க, ஒவ்வொரு பாகமும் தனித்தனியே குறைமின் நிலைக்குச் செல்கிறது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்3 வசதியே இல்லை. ஆகவே, பழைய கணினிக்கு எழுதப்பட்ட அறிவுரை புதியதற்குப் பொருந்தாமற் போகலாம். எவ்வகை உறக்கம் உள்ளது என்பதை விண்டோசில் ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையை ‘ஏ’ தெரிவுடன் இயக்கி அறியலாம்.

இனங்காணல்

முதலில் மறுதொடக்கம் செய்து பார்க்கவேண்டும். இங்கு ஒரு குழப்பம் உண்டு. விண்டோஸ் 8 முதல் உள்ள விரைவுத் தொடக்கம் செயலில் இருந்தால், கணினியை அணைக்கும்போது கருனியின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, மீண்டும் இயக்கும்போது அதுவே ஏற்றப்படுகிறது. ‘ரீஸ்டார்ட்’ தெரிவு மட்டுமே முழுமையான புதுத் தொடக்கத்தைத் தரும். “அணைத்துப் போட்டும் சரியாகவில்லை, எனவே பாகம் போய்விட்டது” என்னும் முடிவு பலமுறை இதனால் பிழையாகிவிடுகிறது.

அடுத்து, விழித்தபின் அப்பாகம் சாதனப் பட்டியலில் தெரிகிறதா எனக் காணவேண்டும். தெரிந்தும் இயங்காவிடில் சாதன இயக்கியைச் சந்தேகிக்கலாம். பட்டியலிலேயே இல்லையெனில் அது இணைந்துள்ள யூஎஸ்பி அல்லது பிசிஐ தடம் எழவில்லை எனலாம். முழுமையாக அணைத்துத் தொடங்கியும் எந்த இயங்குதளத்திலும் தெரியாத பாகமே உண்மையான வன்பொருட் பழுதுக்கு உரியது. யூஎஸ்பி குச்சியிலிருந்து லினக்சை இயக்கி அதில் உறங்கவைத்து எழுப்புவது செலவில்லாத நல்ல சோதனை. இரண்டு இயங்குதளங்களிலும் ஒரே சிக்கல் தோன்றினால் பயாசையோ வன்பொருளையோ ஐயுறலாம்.

கணினி எழாமலே உறைந்துவிடுவதைத் துப்பறிவது கடினம். வட்டு எழாத நிலையில் பதிவேட்டில் எதையும் எழுத இயலாது. லினக்ஸ் கருனியின் ‘பிஎம் டிரேஸ்’ இதற்கொரு வேடிக்கையான வழியைக் கையாள்கிறது: எந்தச் சாதனம் வரை வந்தோம் என்பதைக் கணினியின் கடிகாரச் சில்லில் எண்ணாக எழுதிவைக்கிறது. மறுதொடக்கத்துக்குப் பின் கருனிப் பதிவேட்டில் அச்சாதனம் குறிப்பிடப்படும். நேரமும் தேதியும் தாறுமாறாகக் காட்டினால் அஞ்சவேண்டியதில்லை, திருத்திக்கொண்டால் போதும். ‘பிஎம் டெஸ்ட்’ என்னும் வசதி, கணினியை முழுதாக உறங்கவைக்காமல் ஒவ்வொரு படியாக இறக்கி, 5 நொடிகளில் திருப்பி எழுப்பிச் சோதிக்க உதவுகிறது.

தீர்வுகள்

சாதன இயக்கியை நீக்கி மீண்டும் ஏற்றுவது முதல் வழியாகும். விண்டோசில் சாதன மேலாளரில் பாகத்தை முடக்கி மீண்டும் இயக்கலாம். லினக்சில் உரிய மாட்யூலை (பழைய வகை டச்பேட்டுக்குப் ‘பிஎஸ்மவுஸ்’) நீக்கிச் சேர்க்கலாம். இதனால் சரியானால் பாகம் நலமாக உள்ளது என்பது உறுதி. ஒவ்வொரு விழிப்பின்போதும் இதைத் தானாகச் செய்யும் சிறுநிரல் எழுதுவது நோயை மறைப்பதே எனினும், தயாரிப்பாளர் கைவிட்ட பழைய கணினிகளுக்கு வேறு வழியில்லை. மின்சிக்கனத்துக்காக அப்பாகத்தை அணைக்கும் அனுமதியைச் சாதன மேலாளரில் நீக்குவதும், பயாசை இற்றைப்படுத்துவதும் அடுத்தவை. இற்றைப்படுத்தும்போது மின்னேற்றி இணைந்திருத்தல் வேண்டும்.

விழித்தபின் திரை இருண்டே கிடப்பது லினக்சில் ஒருகாலத்தில் பரவலான குறையாக இருந்தது. 2009 இல் வெளியான 2.6.29 பதிப்பில் இன்டெல் வரைகலைச் சில்லுகளுக்குத் திரையமைப்பைக் கருனியே ஏற்ற பின்னர் இது வெகுவாகக் குறைந்தது.

தரவிழப்பு

உறக்கத்தின்போது யூஎஸ்பி வட்டு மின்சாரம் இழந்தால், விழிக்கும்போது அது புதிய சாதனமாகத் தோன்றி, எழுதப்படாதிருந்த தரவு அழியக்கூடும். லினக்ஸ் அதைப் பழைய சாதனமாகவே ஏற்க முயல்கிறது. ஆனால் இடைப்பட்ட நேரத்தில் அவ்வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாற்றங்கள் செய்து திரும்பச் செருகினால், கருனி பழைய கணக்கின்படியே எழுதிக் கோப்பமைப்பைச் சிதைத்துவிடும். உறங்கவைக்குமுன் வெளிவட்டுகளை முறைப்படி விடுவித்தல் வேண்டும்.

உள்வட்டே எழாதிருப்பது இவற்றுள் மிகவும் கவலைக்குரியது. திரை தெரியும், சுட்டி நகரும், ஆயினும் எந்த நிரலும் திறக்காது. அச்சமயம் மறுதொடக்கம் செய்தால் நினைவகத்தில் சேமிக்கப்படாதிருக்கும் ஆவணங்கள் போய்விடும். ஏற்கனவே திறந்துள்ள நிரலிலிருந்து அவற்றை யூஎஸ்பி குச்சியில் சேமிக்க முயல்வதே முதற்பணி. வட்டின் மின்சிக்கன அமைப்பும் காரணமாகலாம், வட்டு தேய்ந்துவருவதும் காரணமாகலாம். எதுவென ஆராய்வது மறுதொடக்கத்துக்குப் பின் எல்லாத் தரவையும் படியெடுத்த பின்னரே.