கொக்குக்கும் ஒரு பேரேடு

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்குத் தினம் ரயிலில் ஆபீஸ் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். டி.ஏ. எப்போது ஏறியது, பவுன் என்ன விலை, எல்லாம் தேதியோடு சொல்வார்கள். "ஜன்னலுக்கு வெளியே வயல்ல நின்னுச்சே, அது என்ன பறவை?" என்றால், "ஏதோ கொக்கு சார்!"

அந்த 'ஏதோ கொக்கு' நத்தைகுத்தி நாரையாக இருக்கலாம். அரிவாள் மூக்கனாகவும் இருக்கலாம்.

இத்தனைக்கும் பறவைக் குறிப்பு எடுப்பது நம்ம ஊர்ப் பழக்கம்தான். பட்டீஸ்வரம் பக்கத்தில் சத்திமுற்றம். அந்த ஊர்ப் புலவர் மதுரையில் குளிரில் நடுங்கிக்கொண்டே செங்கால் நாரையிடம் பெண்டாட்டிக்குச் சேதி சொல்லி அனுப்பினாரே, பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பாட்டை விடுங்கள், தகவலைப் பாருங்கள். காலின் நிறம், அலகின் வடிவம், பேடையோடு வந்ததால் எண்ணிக்கை 2, தெற்கே குமரி வரை போய் வடக்கே திரும்பும் வழி, பார்த்த இடம் மதுரை, பருவம் குளிர்காலம். தேதி ஒன்றுதான் பாக்கி!

தேதியையும் சேர்த்து எழுதியவர்கள் 1883-ல் ஆரம்பித்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார். கோடியக்கரையில் (1991 வரை தஞ்சாவூர் ஜில்லா) பறவைகளைப் பிடித்து, காலில் நம்பர் போட்ட வளையம் மாட்டிப் பறக்க விட்டார்கள். சைபீரியாவிலிருந்து வரும் உள்ளானுக்கும் ஐடென்டிட்டி கார்டு! 1967-ல் சரணாலயமான அந்த ஊர் 2002-ல் ராம்சர் பட்டியலில் ஏறியது. நம்ம வடுவூர் ஏரி 2022-ல்.

நாமும் எழுதலாம். பி.காம். படித்த எனக்கு இது சுத்தமான கணக்கு வேலையாகத்தான் தெரிகிறது. தேதி, இடம், ஆரம்பித்த நேரம், எத்தனை நிமிடம், என்ன பறவை, எத்தனை. கால் மணி நேரம் போதும். அபூர்வமானதை மட்டும் எழுதிவிட்டுக் காக்கையை விடக்கூடாது. அது வரவை எழுதிச் செலவை மறைக்கிற கதை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் நடத்தும் 'இ-பேர்ட்' கணக்கு இலவசம். அரிய பறவையைப் பதிந்தால், "போட்டோ இருக்கா? என்ன அடையாளம்?" என்று ஒரு தொண்டர் கேட்பார். கோபம் வேண்டாம். ஆடிட்டர் வவுச்சர் கேட்பதில்லையா?

"இதனால என்ன சார் பிரயோஜனம்?"

பிணந்தின்னிக் கழுகைக் கேளுங்கள். பரத்பூரில் 1980-களில் எண்ணி வைத்திருந்தார்கள். 90-களின் கடைசியில் எண்ணினால் பெரும்பாலும் காலி! பழைய கணக்கு கையில் இருந்ததால் பேச்சு எடுபட்டது. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் வலி மருந்துதான் எமன் என்று 2004-ல் தெரிந்தது. 2006-ல் இந்தியா அதை மாட்டு வைத்தியத்தில் தடை செய்தது. "அந்தக் காலத்துல வானம் பூரா கழுகுடா" என்று தாத்தா சொன்னால் எந்த சர்க்காரும் ஃபைலைத் திறக்காது.

இப்படி 30,000 பேருக்கு மேல் எழுதிய குறிப்புகளைக் கூட்டி 2023-ல் ஒரு தேசிய அறிக்கை வந்தது. நீண்டகாலக் கணக்கு பார்க்க முடிந்த 338 வகைகளில் 204 குறைந்திருக்கின்றன. கூடியது 36 மட்டும். அதில் ஒன்று, வயலில் இறங்கி நெல்லைக் காலி செய்கிற மயில். டெல்டா விவசாயிக்கு அறிக்கையே தேவையில்லை!

ஐப்பசி மழையோடு வருகிற வடக்கத்தி விருந்தாளிகள் பங்குனி வாக்கில் கிளம்பிவிடும். 2015 முதல் பொங்கலை ஒட்டித் தமிழ்நாடு முழுக்கப் பறவை எண்ணுகிறார்கள். லீவு நாள்தான். டி.வி. முன்னால் கடிக்கிற கரும்பை வரப்பில் நின்று கடிக்கலாம். கையில் ஒரு பேனா மட்டும் இருக்கட்டும்.